எரியாத ஊசி

ஜனவரி 9, வெள்ளி

இன்றைக்குச் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் மகள், மாப்பிள்ளை, பேத்தி எலி, அவளுடைய கோச். ஐந்து பேர்.

எலி என்பது நான் வைத்த பெயர். ஏழாம் மாதமே பிறந்து என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தவள். இப்போது இருபத்து மூன்று வயது. ஓடுகிறாள். ஓடுவதைப் படம் பிடித்துப் போனில் போடுகிறார்கள். மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்களாம். படம் பிடிப்பது என் மகள். அதற்காக வேலையையே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயில்லாப் பூச்சி. கோச் வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. போன வருஷம் ஒரு நாள் செருப்புக் காலோடு என் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

என் வேலை பீட்ரூட் சாறு பிழிவது. "எங்க பாட்டியோட சாறு, இதான் என் பலம்" என்று எலி சொல்வாள். நான் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரிக்க வேண்டும். குடிக்கக் கூடாது. என் கிட்னி பாதி போய்விட்டது, பீட்ரூட் ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். உதட்டை நனைத்துவிட்டுத் துடைத்துக்கொள்வேன். இப்போது என் முகம் அச்சடித்த டப்பாவில் பீட்ரூட் தூளும் வந்துவிட்டது.

இந்த நோட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்தது. எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன், என்றைக்கு ஊசி போட்டேன் என்று எழுதச் சொன்னார். மிச்ச இடத்தை நான் வீணாக்குவதில்லை. என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நிறுத்தியவர்கள் யார் யார் என்பதும் நினைவிருக்கிறது.

தண்ணீர் நாலு டம்ளர். ஊசி எலி போட்டாள். ரத்தம் ஊற வைக்கிற ஊசி; கிட்னி கெட்டவர்களுக்கு ரத்தம் தானாக ஊறாதாம். செவ்வாயும் வெள்ளியும். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளாக இருக்கும். மகள் போட்ட காலத்தில் மிளகாயை அரைத்துத் தேய்த்ததுபோல எரியும். இருபது எண்ணும் வரை எரியும். டிசம்பரிலிருந்து எலி போடுகிறாள். எரிவதே இல்லை. படம் பிடிக்கும்போது அதையும் சொன்னேன்: "என் பேத்தி கை பூ மாதிரி."

"சூப்பர்ம்மா, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் மகள்.

சொன்னேன். எலி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

தண்ணீர் நாலு. ஊசி ஆச்சு. எரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. முன்பெல்லாம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மூச்சு நின்றால் போதும். இன்றைக்கு எட்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம்தான், அது கல் மூட்டைபோலக் கனத்தது.

கீழ்வீட்டுப் பெண் ஓடிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வயது. வேர்வையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பாட்டி, நான் தினம் ரெண்டு டம்ளர் உங்க சாறு குடிக்கிறேன். அக்கா மாதிரி ஓட வரலையே. நான் எதாச்சும் தப்பு பண்றேனா?"

"இன்னொரு டம்ளர் சேத்துக் குடிச்சுப் பாரு" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேலே வந்து மகளிடம் மூச்சு வாங்குகிறது என்றேன். "வயசாச்சும்மா. எழுபத்தி ஒண்ணு. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருக்கலாம். தலை சீவக் கையைத் தூக்குவதற்கே அலுப்பாக இருக்கிறது. பாதி சீவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

ரத்தப் பரிசோதனை. ரத்த அளவு நவம்பரில் 10.9. இன்றைக்கு 8.4.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊசி ஒழுங்கா போடறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "ஊசியெல்லாம் தவறாம போடறோம் டாக்டர். இவங்கதான் சொன்ன பேச்சே கேக்க மாட்டாங்க. சரியா சாப்பிடறதே இல்ல."

நானா? தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து என்னை யாராவது பார்த்ததுண்டா? டாக்டர் என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளையைத் திட்டுகிறாற்போலத் திட்டினார். இனி ஒரு தடவைக்கு இரண்டு குப்பி போட வேண்டுமாம்.

எலி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் அழுதாள். பாசக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதி வைக்கிறேன், யாராவது கேட்டால் காட்டலாம். நேற்றுக் காலை: முட்டை வெள்ளை இரண்டு, ரொட்டி இரண்டு. மத்தியானம்: சோறு, உப்பில்லாத முட்டைக்கோஸ். சாயங்காலம்: ஒரு ஆப்பிள், தோலோடு. ராத்திரி: சோறு, மீன் ஒரு துண்டு. மிச்சம்: ஒன்றுமில்லை.

சாப்பிடறதே இல்லையாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஊசி, இரண்டு குப்பி. எரியவில்லை.

எலி இன்று காலை ஓட்டத்தில் தன் பழைய நேரத்தை நாலு நிமிஷம் முந்தினாளாம். வீடே கூத்தாடியது. மார்ச் பதினைந்து பெரிய பந்தயம். அதில் எலிதான் முதல் என்று கோச் சத்தியம் செய்கிறார். "எல்லாம் பாட்டிம்மா சாறுதான்!" என்று என் கட்டில் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னவோ இருந்தது. நான் படுத்தபடியே கை தட்டினேன். மூன்று தட்டுக்குமேல் கை ஓய்ந்துவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

எலி, மகள், கோச் மூவரும் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம். அதனால் இரண்டு குப்பியை ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து என்னை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனார். நர்ஸ் போட்டார்.

எரிந்தது.

"ஆ" என்று கத்திவிட்டேன். "என்னம்மா, புதுசா போட்டுக்கற மாதிரி!" என்றார் நர்ஸ். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதில் நின்றது. சரியாக இருபது.

"மருந்துக் கம்பெனி மாறிடுச்சா?"

"அதே மருந்துதாம்மா. நீங்க கொண்டுவந்த குப்பிதானே."

"இது எல்லாருக்கும் எரியுமா?"

"எல்லாருக்கும் எரியும். எரியலன்னு யாராவது சொன்னாத்தான் நான் யோசிப்பேன்."

உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஏன் கேக்கறீங்க?"

"டிவி நாடகத்துல வந்துச்சு."

சிரித்தார். "நெசமாவே நடக்குது. ஓடறவங்க, சைக்கிள் போட்டிக்காரங்க திருட்டுத்தனமா போட்டுக்கறாங்க. ரத்தம் ஏறிடும், மூச்சு வாங்காம ஓடலாம். ஆனா ரத்தம் கெட்டியாயிடும்மா, பசை மாதிரி. தூங்கும்போதே இதயம் நின்னவங்க இருக்காங்க."

வழியெல்லாம் மாப்பிள்ளை ஏதோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 21, சனி

கை பூ மாதிரி என்று சொன்னேனே. மூன்று லட்சம் பேருக்கு முன்னால். இரண்டு தரம்.

என் வாயை என்ன செய்வது.

பிப்ரவரி 24, செவ்வாய்

நேற்று வந்துவிட்டார்கள். இன்று மத்தியானம் வீட்டில் நானும் எலியும் மட்டும். சமையல் மேடைப் பக்கம் திரும்பி, வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

"இந்தப் பக்கம் திரும்பி ஏத்துடி."

முதுகு அப்படியே நின்றது. "ஏன் பாட்டி?"

"இன்னிக்கு எரியற ஊசியா, எரியாத ஊசியா?"

ஊசியை மேடையில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேடைமேல் கண்ணாடிக் குப்பிகள் மூடியோடு இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உடைந்திருந்தது. மருந்து கலக்குகிற வெறும் தண்ணீர்.

"எத்தனை நாளா?"

"டிசம்பர்லேருந்து."

"எனக்குத் தண்ணி. உனக்கு என் மருந்து."

தலையை ஆட்டினாள். "எல்லாரும் போடறாங்க பாட்டி. நேரம் குறையலன்னா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. கோச் வேற எங்கேருந்தோ வாங்கித் தரேன்னாரு. அது கள்ள மருந்தா இருந்து எனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு அம்மாவுக்குப் பயம். அதான்... நம்ம ஃப்ரிட்ஜுலயே நல்ல மருந்து இருக்கேன்னு..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"எலி. உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் சொன்னாங்க பாட்டி. பந்தயம் வரைக்கும்தான்னாங்க. நான் பாட்டிக்கு ஏதாச்சும் ஆயிடும்மான்னேன். 'பாட்டி உக்காந்துதானே இருக்காங்க, அவங்க எங்க ஓடப் போறாங்க'ன்னாங்க."

என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அடிக்க வேண்டும்போல இருந்தது. ஓங்கத் தெம்பில்லை. அந்தக் கை அவள் தலைமேல் போய் விழுந்தது, கிடந்தது.

பெத்தவளுக்குத் தன் பெண் செத்துடுவாளோன்னு பயம். சரி. தன்னைப் பெத்தவ? அவ செத்தாப் பரவாயில்லையா? என்னடி கணக்கு இது? என்னடி கணக்கு?

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன். "எனக்கில்ல. உனக்கு."

பிப்ரவரி 25, புதன்

எனக்கு 7.8. அவளுக்கு 17.6.

நர்ஸ் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நாடகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் எலியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவளுக்கு ரத்தம் கெட்டியாக இருக்கிறது, ஓடக் கூடாது என்று சொல்லி ஒரு பை ரத்தம் எடுத்தார்கள்.

"அதை எனக்கே ஏத்திடுங்களேன்" என்றேன். கூடாதாம். அவள் ரத்தத்தைக் கொட்டிவிட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ரத்தத்தை எனக்கு ஏற்றினார்கள். அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம், நானும் அவளும்.

மார்ச் 1, ஞாயிறு

மகள் என்னிடம் பேசவில்லை. எலியிடம்தான் கத்துகிறாள். "இன்னும் ரெண்டே வாரம்டி! ரெண்டு வாரம் பொறுக்க முடியலையா உனக்கு?"

எலி ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்சக் குப்பிகளை எடுத்துக்கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இனி ஊசி அங்கேதான்.

மார்ச் 15, ஞாயிறு

பந்தய நாள். எலி ஓடவில்லை.

எட்டாவது படியில் உட்கார்ந்து, போனைத் தானே பிடித்துக்கொண்டு பேசினாள். விளக்கில்லை, முகமே சரியாகத் தெரியவில்லையாம். "நான் ஓடினது சாறுனால இல்ல. எங்க பாட்டிக்கு வெறும் தண்ணியைப் போட்டுட்டு, அவங்க மருந்தை நான் போட்டுக்கிட்டேன். அந்தத் தூளை வாங்காதீங்க." அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு மணி நேரத்தில் மகள் அதை அழித்துவிட்டாள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள். கோச் போனை எடுப்பதில்லையாம்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்குச் சமையலறையில் இருந்தவர்கள்: நான், மகள், மாப்பிள்ளை, எலி. நாலு பேர்.

மறுபடி விளக்கு. "ஒழுங்கா மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டாத்தான் அடங்கும்" என்றாள் மகள். "பாட்டியே மன்னிச்சிட்டாங்கன்னா எல்லாரும் மன்னிச்சிடுவாங்க." நான் உடுத்திக்கொள்ள வெளுத்துப்போன துணி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். சோர்வாகத் தெரிய வேண்டுமாம். எனக்கு, சோர்வுக்கு, வேஷம்!

எலி வேண்டாம் என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் மகள். நான் போய் உட்கார்ந்தேன். உட்காரத்தானே தெரியும் எனக்கு.

"சொல்லுங்கம்மா."

"எலியை மன்னிச்சிட்டேன்." அது பொய்யில்லை.

"சூப்பர்ம்மா. இன்னொரு தரம். 'எங்க வீட்டுல எல்லாரையும் மன்னிச்சிட்டேன்'னு சொல்லுங்க."

போனைப் பார்த்தேன். பின்னால் அவள் முகம் தெரியவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அந்த விரல்களுக்கு நகம் வெட்டிவிட்டவள் நான்.

"நான் உக்காந்துதானே இருக்கேன்" என்றேன். "நான் எங்க ஓடப் போறேன்?"

போன் மெல்லக் கீழே இறங்கியது. மாப்பிள்ளை விளக்கை அணைத்தார். இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் அவராகச் செய்த முதல் காரியம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

9.2.

ஊசி ஆஸ்பத்திரியில். எரிந்தது. இருபது எண்ணினேன், பக்கத்தில் நின்று எலியும் எண்ணினாள். அவள் இருபது என்றபோது எனக்குப் பதினெட்டுதான் ஆகியிருந்தது. ஓட்டக்காரி, எதிலும் அவசரம்.

வரும்போது கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். "தப்பு உன்மேல இல்லம்மா. என்மேலதான்" என்றேன். அவள் எலியைப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள். எலி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். எட்டாவது படியைத் தாண்டினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மூச்சு நின்றேன். அவளும் நின்றாள்.

மேலே மகள் சோறு போட்டாள். உப்பில்லாமல் தனியாகச் சமைத்திருந்தாள். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று அறை வாசலில் நின்று கேட்டாள். தட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒரு பருக்கை இல்லை. அவள் தட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

தண்ணீர் நாலு டம்ளர்.

எலியை மன்னித்தது அன்றைக்கு மடியில் அழுதபோதே. விளக்கை அணைத்தாரே, அதனால் மாப்பிள்ளையையும். கோச் எனக்கு யாரோ; யாரோவிடம் எனக்கென்ன, அந்தச் செருப்பு விஷயம் ஒன்று தவிர.

மன்னிக்காதது ஒருத்தியைத்தான். என் மகளை.