மோகனூர்ப் புறா

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பண்ணைக் கோழிகளும் நலம், அந்த இங்கிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நாக்கு இன்னும் குழறுகிறது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பார்க்க வருகிற சொந்தங்களைப் பற்றி என்ன சொல்ல. கையில் ஆப்பிள், வாயில் வைத்தியம். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்கிறார் ஒருத்தர், தீவனத் தூசி மூளைக்கு ஏறிவிட்டது என்கிறார் இன்னொருத்தர். உன்னைப் போல் ஒரு மூளை ரத்தக்குழாய் டாக்டரைப் பெற்றவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். இந்த வைத்தியத்தில் உன் சித்தப்பன் அப்புசாமி இவர்களுக்கெல்லாம் அண்ணன். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு நான் கோழிக் கொட்டகையில் விழுந்தேன். பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்க வேண்டுமாம், நாற்பதாயிரம் கோழி இருக்கிற பண்ணையில் ஒரு புறா இல்லையென்று மோகனூர் வரை பைக்கில் அலைந்து பிடித்து வந்து, சுடச்சுட என் இடது கையில் பூசினான். எனக்கு நினைவு இருந்தது, பேச்சுத்தான் இல்லை. கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா போட்ட சத்தத்தில்தான் ஆம்புலன்ஸ் வந்தது, சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பதினொன்றரை.

அங்கே டாக்டர் கலைமணி, உன் வயதுதான் இருக்கும், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். அப்புசாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்பத்தானுங்க, ஒம்பது மணி இருக்குமுங்க" என்றான். அந்த டாக்டரம்மா என் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் குனிந்தார். வலது கையில் ஐந்து விரலையும் காட்டி, பிறகு ஒன்று காட்டினேன். ஒன்பது என்று நம்பி, நேரம் கடந்தது தெரியாமல் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாமாம். ஸ்கேன் பார்த்துவிட்டுத் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை உருவி எடுத்தார்கள். அரிசி அளவு. முன்னாலேயே வந்திருந்தால் கையும் தப்பியிருக்கும் என்றார்.

இதைக் கேட்டு நீ சித்தப்பனை முட்டாள் என்று திட்டி, நான்கு வாரமாக அவனோடு பேசுவதில்லை. தினமும் காலையில் அவன்தான் வந்து என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குகிறான். நேற்று தலையைத் தூக்காமலே, "ரஞ்சனி புள்ள பேசுச்சுங்களாண்ணா" என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ரஞ்சனி சாமி, நான் விழுந்தபோது வாய் கோணியிருந்தாலும் கொஞ்சம் பேச்சு இருந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, புள்ளைக்குப் போடட்டுமா, 108க்குப் போடட்டுமா என்று கேட்டாள். "யாருக்கும் போடாத, டாக்டரைப் பெத்தவனுக்கே வாதம்னு ஊரு சிரிக்கும். அப்புசாமியப் புறா புடிச்சுட்டு வரச் சொல்லு" என்றேன். அதுதான் நான் கடைசியாகச் சொன்னது, அதன்பிறகு நாக்கு மடங்கிவிட்டது. வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரி என்று நீ சொன்னதைக் கல்யாண வீடுகளிலெல்லாம் பெருமையாகப் பேசியவனும் நான்தான். அப்புசாமி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஒன்பது மணி என்று பொய் சொன்னதும் என் மானத்துக்காகத்தான். அம்மாவையும் வாயைத் திறக்க விடவில்லை. நீ போனில் அவனைத் திட்டியபோது நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை தவறாமல் போடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் படித்ததும் முதலில் சித்தப்பனுக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போடலாம்.

உன் அப்பா,
தண்டாயுதபாணி