பூச்சாடிக்குள் கிடந்த குளிசைகள்

நிலுஷாவுக்கு இது ஐந்தாம் மாதம். இரத்தம் குறைவென்று கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசைகளை அவள் கணவன் ஜனுஷன் நேற்றுப் பூச்சாடிக்குள் கண்டான்.

"பிள்ளையில அக்கறை இல்லையோ?" என்று கத்தினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் துறைமுக வேலைக்குப் புறப்பட்டவன், அவள் எழும்புமுன் குசினி மேசையில் இருந்து எழுதினான்.

"நிலுஷா, முருங்கையிலை வறையும் சூடை மீன் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். குளிசையைத் தேத்தண்ணியோட போடாதையும், இரும்பு உடம்பில சேராதாம். சாப்பிட்டிட்டுத் தேசிக்காய்த் தண்ணியோட போடும். கல்சியம் குளிசையை வேற நேரத்தில எடும். அம்மா தந்த டொனிக்கை மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேக்காமல் குடிக்க வேண்டாம். மிஸ் இண்டைக்குப் பின்னேரம் வருவா. வயித்தைப் பிரட்டுதெண்டால் ஒளிக்காமல் சொல்லும்."

பேனையை மூடிய பிறகும் அவனுக்கு மனம் கேட்கவில்லை. அலுமாரியில் இருந்த குளிசையில் ஒன்றை எடுத்து வெறும் வயிற்றில் விழுங்கினான். சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் துருவைக் கடித்த மாதிரி ஆகி, வயிற்றைக் குமட்டியது. கிணற்றடிக்கு ஓடிப்போய் ஓங்காளித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

சீட்டின் அடியில் கொஞ்ச இடம்தான் மிச்சம் இருந்தது. பொடி எழுத்தில் நெருக்கி எழுதினான்:

"நானும் ஒண்டு போட்டுப் பாத்தனான். நீர் இதைத் தனியப் பட்டிருக்கிறீர். முதல் பிள்ளை போன பயத்திலதான் கத்தினனான். உமக்கும் அதே பயம் இருக்குமெண்டு யோசிக்கேல்லை. மிஸ் வரேக்க நானும் வீட்டில நிப்பன்."