மைதானம் திறந்த பிறகு

நவம்பர் 27

முதலாளிகளோடு உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. மதியம் கானி வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த சினிகாங் குழம்பைச் சோற்றில் ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டான். "ஜெயிச்சிட்டீங்களா?" என்றேன். "ஆட்டம் தொடங்குது" என்றான். அவ்வளவுதான்.

மழைக்காலம் முழுக்க முதலாளிகள் மைதானங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். அடிபட்ட ஆட்டக்காரனைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை விடவே மாட்டோம் என்று பிடிவாதம். இனிமேல் வைத்தியமும் அவர்கள் பொறுப்பு, ஒப்பந்தம் முடியும்வரை சம்பளமும் உண்டு. மணிலாவின் கூடைப்பந்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆட்டக்காரர் சங்கத்தைத் திரட்டி இதை நடத்தியது யார்? என் புருஷன் கானி. கடைக்காரன் அழுகின மீனைக் கட்டிக்கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி வருகிறவன். எல்லா அணி ஆட்டக்காரர்களும் அவன் பின்னால் நின்றார்கள், ஒருவன்கூட நழுவவில்லை. யாரோடு குடித்தனம் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே பிரமிப்பாக இருக்கிறது.

டிசம்பர் 6

அணிகள் ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டன. கானியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. தினமும் விடியலில் ஓடிவிட்டு வந்து போனைப் பார்க்கிறான். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

டிசம்பர் 11

சங்கச் செயலாளர் பென்ஜோ வந்தான். எதிரணிக்காரன். ஆட்டத்தில் கானியின் விலாவில் முழங்கையால் இடிப்பான், எங்கள் வீட்டில் சோறு தின்பான்.

"அண்ணே, முழுநேரத் தலைவரா உக்காந்துடுங்க. பசங்க எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. ஆனா விளையாடிக்கிட்டே அந்த வேலையப் பாக்க முடியாது. நம்ம விதி அப்படி."

"இன்னும் ஒரு சீசன் ஆடலாம்னு பாக்குறேன்டா."

"முப்பத்தெட்டு வயசுலயா? உங்க முட்டி சத்தம் எங்க பெஞ்சு வரைக்கும் கேக்குது."

எல்லோரும் சிரித்தோம். ஜனவரி முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கானிக்கு ஆட வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க அவனுக்குத் தெரியாது.

டிசம்பர் 19

சண்டை. அவனுடைய அணி முதலாளி பாஸ் செவேரினோதான் எங்கள் மகள் டாலாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன். கிறிஸ்துமஸ் அன்று ஞானப்பிள்ளையை அழைத்துப்போய் அவர் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கவைக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் இவனைப் பார்த்து நன்றி கெட்டவன் என்று சொன்ன அதே மனிதர்.

போகாதேன்னேன். வேலைக்குப் பிச்சை கேக்கப் போயிருக்கான்னு ஊரே பேசும். அந்தாளு கேட்டைத் திறக்கலேன்னா? குழந்தைய வச்சுக்கிட்டுத் தெருவுல நிப்பியா?

"நான் அவர எதுத்துப் பேசினேன். டாலா பேசலையே" என்றான்.

டாலாவின் நல்ல கவுனை எடுத்து இஸ்திரி போட்டேன்.

டிசம்பர் 25

போனோம். கேட் திறந்தே இருந்தது. உள்ளே ஞானப்பிள்ளைகளின் வரிசை. பாதி நகரமே அவருக்கு ஞானப்பிள்ளைதான் போல. டாலா அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். "வளந்துட்டியேம்மா" என்று பரிசைக் கொடுத்தார். பிறகு தன் கையாலேயே ஹாம் அறுத்துக் கானியின் தட்டில் வைத்தார்.

"உன்மேல எனக்குக் கோபம் இருக்கு."

"தெரியும் பாஸ்."

"என் டீம்ல உனக்கு இடமில்ல. வேற யாரும் எடுக்க மாட்டாங்க. சங்கத்த விட்டுட்டேன்னு சொல்லு, நாளைக்கே பயிற்சிக்கு வா."

கானி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன், ஏன் பொய் எழுத வேண்டும்?

"ஏதாவது ஒரு பையன் கால ஒடச்சுக்கிட்டா, உங்ககிட்ட யாரு வந்து பேசுறது பாஸ்?"

பெரியவர் கத்தியை மறுபடி எடுத்தார். இன்னொரு துண்டு அறுத்து வைத்தார். "சாப்பிடு. அடுத்த வருஷமும் குழந்தையக் கூட்டிட்டு வா."

ஒருவர் வாழ்க்கையை ஒருவர் கெடுத்துக்கொண்ட இரண்டு பேர் இப்படி ஒரே தட்டுக்கு முன் உட்கார முடியுமா? நான் பார்த்தேன். வண்டியில் வரும்போது டாலா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 26

இன்று அவன் ஓடப் போகவில்லை.

ஜனவரி 3

பென்ஜோவுக்குச் சரி சொல்லிவிட்டான். சங்க ஆபீஸ் என்பது பேக்கரிக்கு மேல் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. மின்விசிறி என் சீதனம்.

ஜனவரி 9

சீசன் தொடக்க விழா அணிவகுப்பில் இந்த முறை சங்கத்துக்கும் இடமாம். ஒவ்வோர் அணிக்கும் முன்னால் ஓர் அழகி நடக்க வேண்டுமே! மற்றவர்களுக்கு நடிகைகள். "எங்களுக்கு நீங்கதான் அண்ணி" என்கிறான் பென்ஜோ. கண்ணாடி போட்டுக்கோடா என்றேன். பிறகு நானே போய்க் கண்ணாடி பார்த்தேன்.

ஜனவரி 14

குபாவ் அரங்கம் நிரம்பி வழிந்தது. அணிகள் எல்லாம் நடந்து முடித்தன. கடைசியாக நாங்கள்: சங்கத்தின் பெயர் எழுதிய துணிப்பதாகையோடு நானும், விழாவுக்குப் போடும் வெள்ளை பாரோங் சட்டையில் கானியும். மைதானத்தின் கோட்டருகே வந்ததும் கானி நின்றுவிட்டான். பதாகையோடு நானும் நின்றேன்.

"என்னாச்சு?"

"லெதர் ஷூ. தரை கீறிடும். பசங்க ஆடணும்."

குனிந்து கழற்றிக் கோட்டுக்கு வெளியே ஜோடியாக வைத்தான். பதினாறு வருஷம் ஓடிய தரையில் காலுறையோடு நடந்தான். கூட்டம் முதலில் சிரித்தது. ஆட்டக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன். தரை ஜில்லென்று இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது; அழகியாயிற்றே, சிரித்துக்கொண்டே நடந்தேன்.

நடுவட்டத்துக்கு வந்ததும் ஒருமுறை வளையத்தை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "நாளைக்குக் காலையில ஆபீஸ் திறக்கணும். சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றான்.