மாப்பிள்ளைக்கு ஒரு துடுப்பு

மார்ச் 3
பதினைந்து வருடம் பம்ப் கம்பெனியில் தண்ணீர் தள்ளியவன், இப்போது ஒரு கடலாமைக்குக் கை செய்கிறேன். வலையில் சிக்கி இடது முன்துடுப்பை இழந்தவன். வேளாவேளைக்கு மீன், கண்ட நேரத்தில் தூக்கம், நன்றி என்பது மருந்துக்கும் கிடையாது. அதனால் ஆமை மருத்துவமனையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. மாதக் கடைசிக்குள் ஒழுங்காக நீந்தாவிட்டால் காட்சிசாலைக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆயுசுக்கும் கண்ணாடிக்குப் பின்னால். விடுவேனா?

மார்ச் 9
கேமராவில் பிடித்து, விசையைக் கணக்கிட்டு, துடுப்பின் கோணத்தை அரை அரை டிகிரியாகத் திருத்தினேன். இன்று தொட்டிச் சுவரில் ஒருமுறைகூட இடிக்காமல் சுற்றி வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் தட்டவில்லை. அவர் எதற்குத்தான் தட்டியிருக்கிறார்?

மார்ச் 10
மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதை ஞாபகப்படுத்தினாள்.

மார்ச் 16
கடலில் வலைக்கூண்டு கட்டி அதற்குள் விட்டோம். வட்டமடித்தான். மறுபடியும் வட்டம். செக்குமாடு தோற்றது.

“என்ன சார், தொட்டி நெனப்பாவே இருக்கானா?” என்றார் டாக்டரம்மா.

பாதிச் சாப்பாட்டில்தான் உறைத்தது. நான் அளந்தது வட்டத் தொட்டியில். அங்கே சுவரில் இடிக்காமல் இருக்க வளைந்துகொண்டே போக வேண்டும். வளைவதற்கென்றே ஒரு துடுப்பு செய்திருக்கிறேன் — அரை டிகிரி துல்லியமாக! அட மடையா... பதினஞ்சு வருஷம் என்னத்தடா கிழிச்ச?

மார்ச் 20
புதிதாக வார்க்க நாள் இல்லை. பழையதைக் கழற்றலாமென்று போனால், மாப்பிள்ளைத் துரை தானே கூண்டின் அடியிலிருந்த பாறையில் தேய்த்துக் கழற்றிவிட்டிருந்தார். பின்கால் ஒன்றைச் சுக்கான் மாதிரி நீட்டிக்கொண்டு, கூண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேராகப் போகிறார். என் கணக்கில் பின்கால்களே கிடையாது. சின்னதுதானே என்று விட்டிருந்தேன்.

“விடுங்க சார். அதைக் கழட்டப் பட்ட பாட்டுலதான் உடம்பு தேறியிருக்கு. அதுவும் உங்க உபயம்தான்” என்றார் டாக்டரம்மா.

மார்ச் 28
இன்று கடலில் விட்டோம். பொறியியலின் வெற்றி என்று மருத்துவமனை இயக்குநர் பேசினார். டாக்டரம்மா கைதட்டினார், என்னைப் பார்த்து, ரொம்ப நேரம்.

ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். கோடு போட்ட மாதிரி நேராகப் போய்விட்டான். அழுகை வந்துவிட்டது எனக்கு. நன்றிகெட்ட மாப்பிள்ளை.