சாவு வீட்டில் கிண்டிய கேசரி

என்னைத் தனியாக விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த என் அத்தானுக்கு,

பக்கத்து ஊர் பாலோவிலிருந்து எழுதுகிறேன். குளுவாங் வீட்டில் இப்போது நான் இல்லை. உங்கள் கருமாதி முடிந்த மறுநாளே உங்கள் தம்பி முத்தையா என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். எல்லாம் நீங்கள் கேட்ட கேசரியால் வந்த வினை.

எஸ்டேட் துரைக்கு இஸ்தாம்பூலில் புது வேலை கிடைத்ததும், கணக்கெழுதும் கிராணியான உங்களையும் கையோடு அழைத்துப் போனார். பிள்ளை குட்டி இல்லாத நாம் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினோம். அங்கே நமக்கு வேறு யார் இருந்தார்கள்? லீவு நாளானால் ஊர் சுற்றல்தான். கூரை போட்ட கடைத்தெருவில் வழி தெரியாமல் அலைந்தோம். பெரிய பள்ளிவாசலில் அண்ணாந்து பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சின்னக் கோப்பைக் காப்பியை அடிவண்டல் வரைக்கும் குடித்துவிட்டுப் பல்லெல்லாம் கறுப்பாக நின்றீர்களே, கடைக்காரன் என்ன சிரிப்புச் சிரித்தான்! கெட்டித் தயிரைக் கண்டதும் நான் அழுதே விட்டேன்.

அந்த ஊரில் நீங்கள் என் பக்கத்தில் நடந்தீர்கள். எள்ளு ஒட்டிய ரொட்டி வளையம் ஒன்றை வாங்கி, படகில் உட்கார்ந்து இருவரும் பிய்த்துத் தின்றோம். பாலத்தில் குளிர்காற்று அடித்தால் என் கையைப் பிடித்து உங்கள் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வீர்கள்.

ஒருநாள் மாடி வீட்டு நைமே அம்மாள் ஒரு தட்டை மூடிக் கொடுத்தனுப்பினாள். திறந்தால் கேசரி! மஞ்சள் நிறம் இல்லை, முந்திரிக்குப் பதில் வேறு ஏதோ சின்னப் பருப்பு. மற்றபடி நம் கேசரியேதான். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"செல்லம், மேல் வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு போல! வெறுங்கையோட போகக் கூடாது, வா" என்றீர்கள். ஆரஞ்சுப் பழமும் சர்க்கரைக் கட்டியும் தட்டில் வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு மாடியேறினீர்கள். அங்கே வீடு நிறைய ஜனம் அழுதுகொண்டிருந்தது. நைமேயின் புருஷன் ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கிருந்தே எடுத்துப் போய் அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

எனக்கு மானமே போய்விட்டது. நைமே கோபித்துக்கொள்ளவில்லை. நம்மை உட்கார வைத்தாள். நாம் பழகியிருந்த அரைகுறைத் துருக்கிப் பேச்சில் மெல்லத்தான் விளங்கியது. அவர்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் இதைக் கிண்டித்தான் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்களாம். கிண்டுகிறவள் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே கிண்ட வேண்டுமாம்.

இறங்கி வரும்போது படியிலேயே நின்றுவிட்டீர்கள். "நான் போனா நீதான் எனக்குக் கிண்டணும். ஒப்பாரி வைக்கிறவங்க வைக்கட்டும், நீ கிண்டு" என்றீர்கள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

துரைக்கு வேலை போனது, திரும்பி வந்தோம். குளுவாங் ஸ்டேஷனில் உங்கள் தம்பி மாலையோடு நின்றார். நீங்கள் இறங்கி முன்னே போனீர்கள், நான் சாமான்களோடு பின்னே வந்தேன். அதற்கப்புறம் ஒரு நாளாவது என் பக்கத்தில் நடந்தீர்களா? காப்பிக் கடையில் உட்கார்ந்து இஸ்தாம்பூல் கதையை ஊருக்கெல்லாம் அளந்தீர்கள். அந்தக் கதையில் நான் வந்ததே இல்லை. அந்தப் படகில் நீங்கள் தனியாகவா போனீர்கள், அத்தான்?

ஊரெல்லாம் பேசின மனுஷர், கேசரி விஷயத்தை மட்டும் தம்பி காதில் போட்டு வைக்கவில்லையே! வாயில் என்ன கொழுக்கட்டையா?

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மூட்டினேன். ரவையை வறுத்தேன். நெய் வாசம் கூடத்துக்குப் போனதும் ஒப்பாரி சட்டென்று நின்றுவிட்டது.

"ஐயையோ, இங்க வந்து பாருங்க! அக்கா கேசரி கிண்டுறாங்க! புருஷன் போனது அவ்வளவு சந்தோசமா?" என்று உங்கள் தம்பி மனைவி சரசு மாரில் அடித்துக்கொண்டாள்.

"அவருதான் கேட்டாரு" என்றேன்.

"எங்கிட்ட சொல்லாம எங்க அண்ணன் ஒரு காரியம் செஞ்சதில்ல. மானத்த வாங்காதீங்க அண்ணி" என்றார் முத்தையா. வந்திருந்த கூட்டத்தில் ஒரு வாய் எனக்காகத் திறக்கவில்லை. சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். என் கையில் அகப்பை மட்டும் நின்றது.

அகப்பையில் ஒட்டியிருந்ததை வழித்து, வாழையிலைத் துண்டில் வைத்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் மாக் தீமாவிடம் நீட்டினேன். "அர்வாவுக்கா?" என்றாள். இறந்தவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு கையாலும் வாங்கித் தின்றாள். உங்கள் பேரில் அந்தக் கேசரியைத் தின்ற ஒரே ஜீவன் அவள்தான்.

இப்போது இங்கே ரவிக்கை தைக்கிற சூசையம்மாள் வீட்டில் காஜா எடுத்துப் பிழைக்கிறேன். பின்னறை ஒன்று கொடுத்திருக்கிறாள். என் அடுப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று கிண்டும்போது உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமே, எவ்வளவோ முயன்றேன். நாக்கு எழவில்லை. குளுவாங்கில் நாம் வாழ்ந்த வருஷங்களைத் துழாவித் துழாவிப் பார்த்தேன், ஒரு சொல் அகப்படவில்லை.

வாக்குக் கொடுத்தவள் நான், மாற மாட்டேன். வருஷா வருஷம் உங்கள் நாளில் கிண்டுவேன். எவர் வந்து கவிழ்த்தாலும் மறுபடி கிண்டுவேன். ஆனால் நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தை எல்லாம் பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டவருக்கு மட்டும்தான். குளுவாங் ஸ்டேஷனில் இறங்கி முன்னே நடந்து போனாரே, அவருக்குச் செய்ய வேண்டியதை அவர் தம்பி செய்து முடித்துவிட்டார்.

இஸ்தாம்பூலில் மட்டும் உங்கள் மனைவியாக இருந்த,
செல்லம்