சின்னவளை டீமில் திரும்பச் சேர்த்துவிடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பத்தாவது படிக்கிறவளுக்குப் பந்து எதற்கு என்று சின்னவளை வாலிபால் டீமிலிருந்து நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், யாருக்கும் அடியில்லை.

போன வாரம் எங்கள் பாக்டரியில் கிரேனில் ஒரு மோட்டாரை இறக்கினோம். கிரேன்காரருக்குச் சைகை காட்ட ஒருவர் போதும். நாங்களோ மூன்று இன்ஜினியர்கள், மூவரும் பள்ளியில் முதல் ரேங்க். ஒருவன் இறக்கச் சொல்லிக் கையாட்டினான், இன்னொருவன் நிறுத்தச் சொன்னான், நான் இடப்பக்கம் காட்டினேன். மோட்டார் போய்ச் சுவரில் இடித்தது.

"ஏம்ப்பா, ஸ்கூல்ல நாலு பேரோட சேர்ந்து ஒரு பந்தையாவது தொட்டிருக்கீங்களா?" என்றார் மேனேஜர். மூன்று முட்டாள்களும் சுவரிலிருந்து உதிர்ந்த சிமெண்டைப் பெருக்கினோம். "நீ காட்டு, நான் ஒதுங்கிக்கிறேன்" என்று சொல்லத் தெரியாதவனுக்கு ரேங்க் ஒரு கேடா? நாளைக்கே அவளை மைதானத்துக்கு அனுப்புங்கள்.

கறுப்பு சாக்ஸ் இரண்டு ஜோடி வேண்டும். லீவு நாளில் விடுதிக்குப் பின்னால் சிலர் வாலிபால் ஆடுகிறார்கள். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். தெரியாதவர்களிடம் போய் எப்படிச் சேர்ந்துகொள்வது என்று சின்னவளிடம் கேட்டு எழுதுங்கள். ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மூத்தவன்