கோட்டில் பட்ட பந்து

ஜூன் 7, சனி

மட்டையால் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடுகிற பிக்கிள்பாலை எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று தேடினால் போன் மதுரையைத்தான் காட்டுகிறது. விதிகளையாவது படித்து வைக்கலாம் என்று ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன். கடை அண்ணன் முதல் தாளைப் பார்த்துவிட்டு, இதை அமராவதிபுதூரில் ஒரு பொண்ணு சொல்லித் தருதே என்றார். நோட்டீஸ் அவர் கடைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. நான் அதன்மேல் சாய்ந்துதான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

விதிகளை இரண்டு முறை படித்துவிட்டேன். மிகவும் பிடித்தது இது: சின்ன ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவரேதான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். சந்தேகம் வந்தால் எதிராளிக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு கண்ணியமான விளையாட்டு! அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

ஜூன் 14, சனி

அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். இடம் ஒரு ரைஸ் மில். நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம்தான் மைதானம். சொல்லித் தருகிற காளீஸ்வரி அக்கா பேங்கில் வேலை பார்க்கிறார்; மில் அவருடைய மாமாவுடையது. தை மாதம் நெல் வரும்வரை களத்தை எடுத்துக்கொள், ஆனால் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். அதனால் கயிறு பிடித்துக் கோலமாவில் கோடு போடுகிறார்.

அக்கா கேட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். வலையை ஒட்டிய ஏழடிக்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாமல் வருகிற பந்தை அடிக்கக் கூடாது. சர்வீஸ் இடுப்புக்குக் கீழிருந்து போட வேண்டும்.

பிறகு மட்டையைக் கையில் கொடுத்தார். ஒன்பது முறை வீசினேன். ஒரு முறைகூடப் பந்தில் படவில்லை.

"அடியே புத்தகம், பந்து இங்குட்டு வருது. நீ எங்குட்டு வீசுற?" என்றாள் ரோகிணி என்ற பெண். எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டது.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று பந்து வலையைத் தாண்டின.

ஜூலை 5, சனி

ரோகிணி என்னைப் புத்தகம் என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறாள். ஆனால் வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் எனக்காகப் பந்து போடுகிறாள். அவர்கள் வீடு மில்லுக்கு அடுத்த வயலில். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வெறுங்காலோடு வருவாள். அவளுடைய அடி நீளமாகப் போய்ச் சரியாகக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழும். எனக்கு அடி வராது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

மதுரையில் ஆகஸ்டு மூன்றாம் தேதி, புதிதாகக் கற்பவர்களுக்குப் போட்டி. எங்களில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம். அடுத்த சனி நாங்கள் நாலு பெண்களும் மோதிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 12, சனி

ஜெயித்துவிட்டேன். மதுரைக்கு நான் போகிறேன்.

அவ்வளவுதான் எழுத நினைத்தேன்.

கடைசி ஆட்டம் ரோகிணியோடு. பத்துக்கு ஒன்பது, என் சர்வீஸ்; பதினொன்று வந்தால் ஜெயம். அவளுடைய பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கோலமாவுக் கோட்டில் ஒரு சின்ன வட்டம், பொட்டு அழிந்த மாதிரி. சந்தேகமே இல்லை. விதியெல்லாம் சந்தேகத்துக்குத்தானே? எனக்குச் சந்தேகமே இல்லை.

"வெளிய" என்றேன்.

அக்கா வலைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து கடைசிக் கோடு தெரியாது. ரோகிணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் வருவதற்குள் நான் அந்த வட்டத்தை ஷூவால் தேய்த்துவிட்டேன்.

தேய்த்ததுதான். சொன்னதுகூட வாய் தவறி என்று நினைத்துக்கொள்ளலாம். தேய்த்தது?

மாலையில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். ஒளிந்து போன் பார்த்தது, காலை ஜெபத்தை விட்டது — இந்தப் பாவங்களை மட்டும் சாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை; பாவத்தை மறைத்தவள் வாங்கக் கூடாது. வரிசை முழுவதும் எழுந்து போக, பெஞ்சில் நான் மட்டும். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். வயிற்று வலி என்றேன். இன்னொரு பொய்.

அப்பா ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் போட எடுத்தவர், "என்னத்தா, ஷூவுல மாவு? கோலம் போட்டியா?" என்று சிரித்தார். பிடுங்கிக்கொண்டு போய் நானே கழுவினேன்.

ஜூலை 19, சனி

அப்பா தெருவில் எல்லாரிடமும் மதுரை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ரோகிணிக்குக் கோபமே இல்லை. எனக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்வதற்கு முன்னாலேயே வந்து நின்றாள். ஆனால் அவளுடைய பந்துகள் எல்லாம் பாதிக் களத்தில் விழுகின்றன. உடம்பு சரியில்லையோ?

ஜூலை 26, சனி

இன்றும் அப்படித்தான். பந்து குட்டையாக வந்துகொண்டே இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அன்னைக்கி ஓவரா அடிச்சுத்தான வெளிய போச்சு. அதான் கையக் கொறச்சுப் பழகுறேன். தெனமும் சாயங்காலம் செவுத்துல அடிச்சுப் பாக்குறேன்டி. எங்கப்பாவும் சொன்னாரு, வேகம் கொறையட்டும்னு."

இரண்டு வாரமாக. தினமும். நல்ல அடியைத் தப்பு என்று நினைத்துக்கொண்டு.

நான் மட்டையைக் கீழே வைத்தேன். அது கோட்டுல பட்டுச்சு, நான்தான் வெளிய என்று சொன்னேன், அடையாளத்தைக் காலால் அழிச்சேன் என்று — எந்த வரிசையில் சொன்னேனோ, தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ரோகிணி பந்தைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் வந்து ஒன்னியக் கட்டிப்பிடிச்சேன்ல" என்றாள். அவ்வளவுதான். வரப்பில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. மதுரைக்கு அனுப்ப வைத்திருந்த படிவத்தை எடுத்து, வின்சி என்ற என் பெயரை அடித்துவிட்டு ரோகிணி என்று எழுதினார். இரண்டு தடவை அடித்தார், பேனா சரியாக எழுதவில்லை.

"வர்ற வாரம் வருவீல்ல?" என்றார். தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை கழுவிவிட்டார்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

நேற்று மாலை ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இன்று வரிசையில் போனேன். ஆனாலும் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. தெருவில் மூன்று பேர், மதுரை இன்றைக்குத்தானே என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் நான் போகவில்லை என்றேன். மூன்றாவது ஆள் ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

ரோகிணி இரண்டாவது சுற்று வரைக்கும் போனாளாம். அக்கா குரூப்பில் போட்டிருந்தார்.

ஆகஸ்டு 9, சனி

சீக்கிரமே போய் நானே கயிறு பிடித்துக் கோடு போட்டேன். மாவைத் தடிமனாகப் போட்டேன், எது பட்டாலும் தெரிகிற மாதிரி.

ரோகிணி வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. வேறு பெண்ணோடு ஆடினாள்.

ஆகஸ்டு 23, சனி

அக்கா இன்று எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். ரோகிணி தன் பக்கம் போய் நின்றாள். புத்தகம் என்று அவள் கூப்பிட்டு நாலு வாரம் ஆகிறது.

அவளுடைய அடி பழையபடி நீளமாக வந்தது. முதல் பந்து என் பின்கோட்டுக்குப் பக்கத்தில். "உள்ள" என்றேன். அவள் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலையைச் சுற்றி வந்து, குனிந்து மாவைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அடுத்தது உண்மையிலேயே வெளியே போனது. சொன்னேன். அதற்கும் வந்து பார்த்தாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒதுங்கி வழி விட்டு நின்றேன்.

ஆறு பந்துக்கு வந்தாள். ஏழாவது கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது.

"வெளிய" என்றேன், சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவள் வரவில்லை. "சரி, போடு" என்றாள்.